ஊசி போடாதவள்

இரும்புக் கொட்டகையின் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து பதினான்கு மீட்டர் உயரத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுவதுதான் அவள் வேலை. பதினாறு வருடமாக அதே கூண்டு. கீழே வேலை செய்கிற எழுபது பேரில் ஒருவர்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலே இருக்கும் அக்கா என்பது சுருங்கி மேலக்கா ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் மேலக்காதான். ஒருமுறை சம்பளச் சீட்டிலேயே அப்படி அச்சாகி வந்தது. மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை.

அன்று பகல் மூன்றே காலுக்கு, நான்கு டன் எடையுள்ள ஒரு இரும்புத் தூலத்தைக் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் முதுகெல்லாம் வியர்த்தது. சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. கண்ணாடி வழியே கீழே பார்த்தபோது கொக்கி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜக் கொக்கி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எந்த நெம்புகோல் இறக்கும், எது ஏற்றும் என்பதும் மறந்துபோயிற்று. தூங்கி எழுந்தால்கூடக் கை தானாகப் போய் உட்காரும் இடங்கள் அவை.

அவள் பதறவில்லை. இடது கைப் பக்கம் இருப்பதைக் கொஞ்சமாக அசைத்துப் பார்த்தாள். தூலம் இறங்கியது. அப்படியே விரலளவு விரலளவாக இறக்கினாள். கீழே மரக்கட்டைகள்மேல் அது உட்கார்ந்த சத்தம் கேட்டதும் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

அவளைக் கூண்டிலிருந்து கயிறு கட்டி இறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஃபோர்மேன் முதலில் செய்த காரியம் அவள் வாயை முகர்ந்து பார்த்ததுதான். வாடை எதுவும் இல்லை. ஆனாலும் விபத்துப் பதிவேட்டில் ‘போதையாக இருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தார். பின்னால் யாராவது கேட்டால் தன் தலை தப்ப வேண்டும் அல்லவா?

ஆம்புலன்ஸில் இருந்தவர் விரலில் குத்திப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டிய விஷயம். குளுக்கோஸை நரம்பில் ஏற்றியதும் ஐந்து நிமிடத்தில் கண் திறந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, “தூலம் பத்திரமா இறங்கிச்சா?”

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கேயும் இரண்டு தடவை அதேபோல ஆயிற்று. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து வியர்வை, நடுக்கம், நாக்கு குழறல். ஆனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்தால் சர்க்கரை இருநூறைத் தாண்டியிருக்கும். ஏறினால் மலை, இறங்கினால் பள்ளம். இரண்டாம் நாள் இன்சுலின் அளவு வந்தது. சாதாரணமாக இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது. கருவி காட்டக்கூடிய உச்சம் ஆயிரம். அவளுடையது அதற்கும் மேலே.

பெரிய டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர், மரியாதைக்காரர். சீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்களா என்று கேட்டார். அவள் கணவர் பதினொரு வருடமாகப் போட்டுக்கொள்கிறார். மருந்து எங்கே இருக்கும்? ஃபிரிட்ஜ் கதவில். பூட்டு உண்டா? ஃபிரிட்ஜுக்கு யார் பூட்டுப் போடுவார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

டாக்டர் எழுந்து கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடினார்.

“வீட்ல நீங்களும் அவரும் எப்படி?”

“எப்படின்னா?”

“சண்டை, சச்சரவு...”

“உண்டு. டிவி சத்தத்துக்குத் தினமும் உண்டு.”

“நீங்க அசந்து தூங்கும்போது, உங்களுக்குத் தெரியாம அவர் ஊசி போட வாய்ப்பு இருக்கா?”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் கணவர் முடிதிருத்துகிறவர். தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருக்கிறார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிற மனிதர். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து, கணவர் இல்லையென்றால் அவளே போட்டுக்கொண்டிருக்கலாம் என்றும், மனசு சரியில்லாதபோது சிலர் அப்படிச் செய்வது உண்டு என்றும், தாங்கள் யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டோம் என்றும் இதமாகச் சொன்னார். அந்த இதம்தான் அவளைச் சுட்டது.

“டாக்டர், நான் தினமும் எழுபது பேர் தலைக்கு மேல இரும்பைத் தூக்கிட்டுப் போறவ. ஊசியக் குத்திக்கிட்டு அந்த ஏணியில ஏறுவேனா?”

“நான் கேள்விதான் கேட்டேன்.”

“நானும் பதில்தான் சொன்னேன். அவரும் போடல. நானும் போடல.”

அவள் ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய பையைச் சோதித்திருந்தார்கள் என்பது திரும்பி வந்து சீப்பைத் தேடியபோது தெரிந்தது. மடித்து வைத்த துணி வேறு விதமாக மடிந்திருந்தது. சீப்பு அடியில் கிடந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் சீட்டைக் கொண்டுவந்தார்கள். கடைசி வரி இப்படி இருந்தது: ‘வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தப்பட்டதாகச் சந்தேகம். மனநல ஆலோசனை தேவை.’ அந்த வரியை எடுக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை அசையவில்லை. அடுத்த நோயாளி வந்து நின்றுவிட்டார். வயதான மனிதர், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் எழுந்தாள். பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ‘நான் ஊசி போடவில்லை. எனக்கு யாரும் போடவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

செய்தி அவளுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. கொண்டுவந்தவன் அவள் தம்பி. உடம்புக்குச் சத்து தரும் மாத்திரை, பொடி இவற்றையெல்லாம் ஆள் பிடித்து விற்கிற தொழில் அவனுக்கு. நாலு பேரிடம் பேசினால்தான் அவனுக்குப் பிழைப்பு. அக்கா மேல் உயிர். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதை அரைகுறையாகக் கேட்டதும் அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. போலீசுக்குப் போவேன் என்றான். மாமா இத்தனை வருடமாகச் சாது வேஷம் போட்டிருக்கிறார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். சொன்னது இரண்டே நாளில் சலூன் கண்ணாடிவரை வந்து சேர்ந்தது. வழக்கமாக வருகிறவர்கள், அவசரமாக வேறு வேலை இருப்பதுபோல எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். பெண்டாட்டிக்கே ஊசி போடுகிறவன் கையில் கத்தியோடு நிற்கும்போது தொண்டையை நீட்ட யாருக்கு மனசு வரும்?

கணவர் வழக்கம்போலக் கடையைத் திறந்து காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் நான்காம் நாள் அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதைக் கவனித்தாள். முகம் வற்றியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டு காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய அன்றே இருந்த மருந்தையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறார். நான்கு நாளாக ஊசியே இல்லை. அவருடைய கருவியில் பார்த்தால் சர்க்கரை நானூற்று முப்பது.

“அது வீட்ல இருந்தாத்தானே இந்தப் பேச்சு” என்றார் அவர். “இல்லன்னு ஆயிடுச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதே.”

“அவங்க வாய மூடுறதுக்கு நீங்க சாகணுமா?”

“எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

அவள் அவரைச் செருப்புகூடச் சரியாகப் போட விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். திரும்பும் வழியில் புதிதாக இன்சுலின் வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்தாள். அன்று அவருக்கு ஊசியைப் போட்டதும் அவள்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு வருடத்துக்குப் பிறகும் ஊசியைப் பார்த்தால் அவருக்குப் பயம்.

அடுத்த நாள் தம்பி வண்டியோடு வந்து நின்றான். துணியை எடுத்துக்கொண்டு கிளம்பு, இனி இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றான். உள்ளே மாமா இருப்பது தெரிந்தே உரக்கச் சொன்னான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா?”

“உனக்குத் தெரியாம நடந்திருக்கும்கா.”

“என் உடம்புல எவனோ ஊசியக் குத்துவான், எனக்குத் தெரியாது. அவ்வளவு முட்டாளா நான்? வண்டியத் திருப்பு.”

“டாக்டர் பொய் சொல்லுவாரா?”

“பொய் சொல்லல. தப்பாச் சொல்றாரு. திருப்புடா.”

அவன் திருப்பிக்கொண்டு போனான். அவளுக்குக் கால் நடுங்கியது. அது கோபத்தாலா, சர்க்கரை இறங்குவதாலா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் அதுதான் பெரிய தொல்லை. எந்த உணர்ச்சியையும் அப்படியே நம்ப முடியாமல் முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள். நாற்பத்தெட்டு. அடுப்படியில் நின்றபடியே சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தெருவில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, அவள் சலூனுக்குப் போனாள். இரண்டு நாற்காலியும் காலி. கணவர் பழைய பத்திரிகையை வைத்துக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவை முழுக்கத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஹெல்மெட் போட வசதியாக அவள் எப்போதும் முடியைக் குட்டையாகத்தான் வைத்திருப்பாள்.

கழுத்துக்குப் பின்னால் வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் மெஷினைக் கையில் எடுத்தார்.

“மெஷின் வேணாம். கத்தி.”

“கை நடுங்குதும்மா.”

“நடுங்கட்டும். நிதானமா பண்ணுங்க. எனக்கு அவசரம் இல்ல.”

அவர் வெள்ளைத் துணியைப் போர்த்தி, சோப்பு நுரையைத் தடவி, கத்தியில் புதுப் பிளேடு மாட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்க்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றார்கள். கத்தி மேலிருந்து கீழே சின்னச் சின்னதாக இறங்கியது. பின்பக்கம் முடிந்ததும் அவள் தலையை நிமிர்த்தி, நாற்காலியில் சாய்ந்து, காதுக்கு முன்னால் இருக்கும் பூனைமுடியையும் எடுக்கச் சொன்னாள். தொண்டை முழுக்கத் தெருவுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சும்மா இருக்காமல், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர் போன மாதம் போட்ட சண்டையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தியை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் துணியை உதறும்போது தபால்காரர் உள்ளே வந்தார். ஒரு வாரமாக வராதவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டார்.

ஒரு தெருவை வாயடைக்க அது போதும். ஆனால் அவள் ரத்தத்துக்குள் நடப்பது என்ன என்று தெரியாமல் அவளால் வேலைக்குப் போக முடியாது. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி லேப் ஜன்னலில் போய் நின்றாள். உள்ளே இருந்தது தடித்த கண்ணாடி போட்ட, பேனா மூடியைக் கடிக்கும் பழக்கமுள்ள ஒரு பெண். முப்பது வயது இருக்கும். இவள் அட்டை எண்ணைச் சொன்னதும் அந்தப் பெண் கடிப்பதை நிறுத்தினாள்.

முடிவுகளைப் பற்றி நோயாளியிடம் பேச லேப் ஆட்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் அந்தப் பெண் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து, பேசாமல் இருக்க முடியவில்லை என்றாள். மூன்று நாளில் நாலு தடவை ரத்தம் எடுத்தோம். காலையில் வெறும் வயிற்றில், மதியம், மறுநாள். நாலிலும் இன்சுலின் ஆயிரத்துக்கு மேலேயே நிற்கிறது. ஊசியில் போட்ட இன்சுலின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், ஏறும் இறங்கும். இப்படி நிற்காது. உங்கள் இன்சுலினை எதுவோ பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பெரிய டாக்டரிடம் சொன்னேன், கருவிக் கோளாறாக இருக்கும் என்றார். கருவியை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டேன்.

“வாங்க, ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்” என்றாள் மேலக்கா.

“எனக்கு வேலை போயிடும்.”

“எனக்கு ஏற்கெனவே பாதி போயிடுச்சு. வாங்க.”

டாக்டர் இருவரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். லேப் பெண் திக்கித் திணறித் தன் காகிதத்தை நீட்டினாள். அவர் அதை ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை, நிறையப் பார்த்தவர். அதிகம் பார்த்தவர்களுக்கு வருகிற வேகம் அவருக்கும் வந்துவிட்டிருந்தது. மேலக்கா அவர் பேசும்வரை காத்திருக்கவில்லை. தன்னை இரண்டு நாள் காவலில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். நிபந்தனைகளையும் அவளே போட்டாள். ஆஸ்பத்திரி உடுப்பு மட்டும்தான். கூடவே எப்போதும் ஒரு நர்ஸ். குளியலறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். கணவர் வாசலைத் தாண்டி வரக் கூடாது. சாப்பாடு ஆஸ்பத்திரியிலிருந்து.

“அதுக்கப்புறமும் சர்க்கரை விழுந்துச்சுன்னா, அந்தச் சீட்டுல இருக்கற வரிய நீங்க உங்க கையால அடிக்கணும்.”

டாக்டர் கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். “விழலைன்னா?”

“நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

முதல் நாள் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒன்றரைக்கு எடுத்ததில் இருநூற்று நாற்பது. இரண்டரைக்கு நூற்று எழுபது. மூன்றரைக்குத் தொண்ணூறு. லேப் பெண் தானே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நாலேகாலுக்கு மேலக்காவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள்.

“முதல்ல ரத்தம்” என்றாள் மேலக்கா. நாக்கு தடித்துப்போயிருந்தது. “எடுத்தப்புறம் குடுங்க.” சர்க்கரை இறங்கிய நேரத்து ரத்தம்தான் சாட்சி என்று லேப் பெண் சொல்லியிருந்தாள்.

நர்ஸ் பயந்தாள். டாக்டரையும் லேப் பெண்ணையும் கூப்பிட ஆள் அனுப்பினாள். மேலக்கா கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். அறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வது போலிருந்தது. டாக்டர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். லேப் பெண் நரம்பைத் தேடிப் பிடித்து நான்கு குழாய் ரத்தம் எடுத்து முடிக்கும்வரை மேலக்கா ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினேழுக்குப் பிறகு மறுபடி பதினொன்று வந்தது. குளுக்கோஸ் உள்ளே போனது. கருவி காட்டியது முப்பத்தெட்டு.

இரண்டாம் நாளும் அப்படியே. யாரும் உள்ளே வரவில்லை, எதுவும் உள்ளே வரவில்லை. ஆனாலும் டாக்டர் அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு பரிசோதனை முடிவு வெளியூரிலிருந்து வர வேண்டும், வந்ததும் பார்ப்போம் என்றார். முதல் முடிவு ஐந்தாம் நாள் வந்தது. அவள் ரத்தத்தில் இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், எக்கச்சக்கமாக இருந்தன. லேப் பெண்ணுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. டாக்டரோ, ரொம்ப நாள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உடம்பிலும் இது உண்டாகும், இதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அவள் குற்றமற்றவள் என்று காட்ட வேண்டிய சான்றே அவளுக்கு எதிராகவும் திரும்பக்கூடியதாக இருந்தது.

“இருக்கட்டும்” என்றாள் அவள். “இன்னொண்ணும் வரட்டும். நான் எங்கயும் ஓடிப்போகல.”

அது வர இன்னும் நான்கு நாள் ஆயிற்று. டாக்டர் அவளைக் கணவரோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அறைக்குள் கூப்பிடவில்லை. புறநோயாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், அவரே எழுந்து வந்தார். மனித உடம்பு இன்சுலினைச் செய்யும்போது கூடவே ஒரு துண்டு கழன்று விழும், அதற்கு சி-பெப்டைடு என்று பெயர், ஊசி மருந்தில் அந்தத் துண்டு இருக்காது என்று விளக்கினார். ஊசி போட்டிருந்தால் அது குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு விழுந்த நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் அவளுக்கு அது ஏராளமாக இருக்கிறது. அப்படியானால் அத்தனை இன்சுலினும் அவள் உடம்பே செய்தது. சாப்பிட்டவுடன் சுரக்கிற இன்சுலினை எதிர்ப்பொருள்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அது வேலை செய்யாததால் சர்க்கரை ஏறுகிறது, உடம்பு இன்னும் சுரக்கிறது. பிறகு, சாப்பாடு செரித்து முடிந்த நேரத்தில், பிடித்து வைத்ததை அவை கைவிடுகின்றன. தேவையில்லாத வேளையில் இன்சுலின் கட்டவிழ்ந்து சர்க்கரையைத் தரைமட்டத்துக்குத் தள்ளுகிறது.

“என் உடம்பே எனக்கு எதிரா வேலை பார்க்குது. அதானே?”

“அதான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.” அவர் கணவரைப் பார்த்துத் திரும்பினார். “உங்களப் பத்தி நான் கேட்ட கேள்வி தப்பு. மன்னிச்சிடுங்க.”

கணவர் பதறிப்போய்ப் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முழங்கையை அழுத்தினாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். டாக்டர் பழைய சீட்டின் கடைசி வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மேலக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

இப்படி ஆக மிகவும் அரிதாகச் சில மருந்துகள் காரணமாகலாம் என்றும், ஏதாவது சாப்பிட்டீர்களா என்றும் டாக்டர் கேட்டார். முன்பும் கேட்டிருந்தார். மருந்து எதுவும் இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது அவர் வேறு மாதிரிக் கேட்டார். வைட்டமின், பொடி, சத்து மாத்திரை, எதுவாக இருந்தாலும்? அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கூண்டுக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாதம் எரிகிறது என்று அவள் சொன்னதற்கு, நரம்புக்கு நல்லது என்று தம்பி ஒரு பாட்டில் கொடுத்திருந்தான். மயங்கி விழுவதற்கு முன் இரண்டு மாதமாகத் தினம் இரண்டு. பாட்டில் கிரேன் கூண்டில், இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அதை அவள் மருந்தாகவே நினைத்ததில்லை. ஃபோர்மேனுக்குச் சொல்லி எடுத்துவரச் செய்தார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஆல்ஃபா லிபோயிக் அமிலம்’ என்று இருந்தது. டாக்டர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். கந்தகம் உள்ள பொருள், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஒன்றும் செய்யாது, ஆனால் சிலர் உடம்பில் இந்தக் கலகத்தைக் கிளப்பிவிடும் என்றார்.

தம்பி முதலில் நம்பவில்லை. எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடினான். பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை.

“மாத்திரை எனக்கு ஒத்துக்கல. அதுக்கு நீ என்ன செய்வ? அத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். ஆனா அவரக் கொலைகாரன்னு ஊரெல்லாம் சொன்ன பாரு, அது மாத்திரை இல்ல. அது உன் வாய்.”

“நான் என்னக்கா பண்ணட்டும்?”

“எங்க சொன்னியோ அங்க போய் இப்பச் சொல்லு. ஒரு ஆள் விடாம.”

அவன் சலூனுக்குப் போனான். தபால்காரர், எதிர்க்கடைக்காரர், வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் சரி சரி என்று அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் மச்சான் முறையில் அதுவரை இருந்த கேலியும் கிண்டலும் அதற்குப் பிறகு வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் விருந்தாளியைப் போல நடத்திக்கொள்கிறார்கள். அது எப்போது சரியாகும் என்று அவளுக்குத் தெரியாது. சரிசெய்வது தன் வேலை இல்லை என்றும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

மயங்கிய நாளிலிருந்தே மாத்திரை நின்றிருந்தாலும் நோய் உடனே நின்றுவிடவில்லை. முதல் மாதம் இன்னும் ஏழு தடவை விழுந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சின்ன வேளையாக்கினார்கள். மாவுச்சத்தைக் குறைத்து, முட்டையும் பருப்பும் கொட்டை வகைகளும் கூட்டினார்கள். இரண்டாம் மாதம் மூன்று தடவை. நான்காம் மாதம் ஒன்றுமில்லை. எதிர்ப்பொருள்களின் அளவு கால்வாசிக்கு இறங்கியது. லேப் பெண் ஒவ்வொரு முடிவையும் ஜன்னல் வழியே தூக்கிக் காட்டுவாள். அவள் வேலை போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் முதல்முதலாக இந்த நோயைச் சந்தேகித்தவள் என்று பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் அவளைப் பற்றிச் சொன்னாராம்.

ஆறாம் மாதம் மேலக்கா கொட்டகைக்குப் போனாள். முதலில் விபத்துப் பதிவேட்டைக் கேட்டாள். ‘போதை’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஃபோர்மேனைக் கூப்பிட்டாள். பக்கத்தைக் கிழிக்க முடியாது என்று அவர் நெளிந்தார். கிழிக்க வேண்டாம், நான்கு டன்னை ஒருவர் மேலும் படாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் மயங்கினாள் என்று அதற்குக் கீழே எழுதுங்கள் என்றாள். அவர் எழுதினார். நன்றாகவே எழுதினார்.

அவளுடைய கூண்டில் இப்போது ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். இந்த மாதங்களில் பழகியவள், கை சுத்தம். அவளை இறக்கிவிட்டுத் தனக்கு அந்த இடம் வேண்டும் என்று மேலக்கா கேட்கவில்லை. நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, தளவாட அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நிழல், மின்விசிறி, ஒரு தொல்லையும் இல்லை. இன்னொன்று, வெளி முற்றத்தில் நிற்கும் பெரிய கிரேன். இருபத்திரண்டு மீட்டர். காற்றடித்தால் கூண்டு ஆடும். எட்டு மாதமாக அதற்கு ஆள் கிடைக்கவில்லை. அவள் தளவாட அறையைத்தான் எடுப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தொழிற்சாலை டாக்டர் அதற்கான தாளைக்கூட நிரப்பி வைத்திருந்தார்.

அவள் நூற்றிருபது நாளின் சர்க்கரை அளவுகளை அவர் மேஜையில் வைத்தாள். கூடவே பெரிய டாக்டர் கொடுத்த தகுதிக் கடிதத்தையும் வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பேன், கூண்டிலேயே சாப்பிட்டுக்கொள்வேன், தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் சுமை தூக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

“ஒரு மாசம் நல்லாப் பாருங்க. அப்புறமும் பாருங்க. நான் அங்கதான் இருப்பேன்.”

புதன்கிழமை காலை அவள் வெளி முற்றத்துக் கிரேனின் ஏணியில் ஏறினாள். எண்பத்தாறு படி. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். வயதுக்கு அது சகஜம். கூண்டின் கதவு துருவேறி இறுகியிருந்தது. தோளால் முட்டித் திறந்தாள். உள்ளே ஏதோ பறவை கூடு கட்டிக் கைவிட்டிருந்தது. அதை ஒரு ஓரமாக எடுத்து வைத்தாள். இருக்கை முழங்காலை இடித்தது. திருகி இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிக்கொண்டாள். விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு முட்டையைச் சாப்பிட்டாள். இங்கிருந்து கொட்டகையின் கூரையே காலடியில் தெரிந்தது. அதற்கு அப்பால் சாலையும் வண்டிகளும் கட்டடங்களும் தெரிந்தன. காற்று வந்து கூண்டை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. அவள் காலை அகற்றி ஊன்றிக்கொண்டு, கீழே இருந்தவர்களுக்குத் தயார் என்று மணியை அடித்தாள்.